ஈரத்தில் பார்த்த படம்

மாத்தளை
9.3.1938

என் அன்புத் தம்பி நிலாமுக்கு ராத்தா ரபீக்காவின் சலாம். இங்கு மாமியும் மதினியும் மகள் ஷபீகாவும் நானும் றப்புடைய கிருபையால் சுகம். உம்மாவின் இருமல் விட்டதா? வெள்ளவத்தைக் கடற்காற்று ஒத்துக்கொள்ளாவிட்டால் பழையபடி கொட்டாஞ்சேனைக்கே கூட்டிப் போ.

உன் மச்சான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். புறக்கோட்டையில் தன் புடவைக்கடைக்குச் சீத்தைத் துணி வாங்கப் போன மனுசன், ட்ராம் வண்டி நிற்கும்வரை பொறுக்காமல் குதிக்க வேண்டுமா? இடுப்பு அடிபட விழுந்தாலும் துணிக்கட்டை மட்டும் கைவிடவில்லையாம். துணியில் ஒரு சொட்டு அழுக்கில்லை, அதை நானும் பார்த்தேன்!

தம்பி, இந்த வீட்டில் இப்போது உன் கதைதான். ஆஸ்பத்திரியில் ஈரம் சொட்டச் சொட்ட எக்ஸ்ரேப் படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "எலும்புக்கு ஒண்டுமில்ல மச்சான், சதைதான் நொந்தீக்கி. நாளைக்கே நடங்கொ, படுத்தா விறைச்சிப் போகும்" என்று நீ சொன்னதை மச்சான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நடித்துக் காட்டுகிறார். மாமி முறிவு வைத்தியம் பார்க்கும் வெதமாத்தயாவைக் கூப்பிடப் போனார். நான் விடவில்லை. "என்ட தம்பி எலும்பையே உள்ளுக்குப் பார்த்தவன், இனி ஆரு பார்க்கணும்?" என்று கேட்டேன். 

மச்சான்தான் "ஏலா புள்ள, ஏலா" என்று முனகுகிறார். நானா விடுவேன்? காலையும் மாலையும் முற்றத்தில் நடக்க வைக்கிறேன்.

உன் கடிதம் வந்தால் மஃரிபு தொழுகைக்குப் பிறகு எல்லோரையும் இருத்தி நான்தான் சத்தமாக வாசிக்கிறேன். மாமிகூடத் தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். அதனால் எழுத்தைக் கொஞ்சம் விளங்கும்படி எழுது. டொக்டர் எழுத்தென்று பலீலா மதினி சிரிக்கிறார்.

உம்மாவுக்கு என் முத்தம்.
ராத்தா ரபீக்கா

~

வெள்ளவத்தை
30.3.1938

மரியாதைக்குரிய ராத்தாவுக்குத் தம்பி நிலாம் சலாத்துடன் எழுதுவது. உம்மா சுகம். இருமல் குறைந்துவிட்டது. குறைந்ததை ஒத்துக்கொள்ள மட்டும் அவருக்கு மனமில்லை.

பதில் எழுதப் பிந்திவிட்டது, கோபிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் மூச்சுவிட நேரமில்லை. எங்கள் எக்ஸ்ரேப் பகுதிப் பெரிய டொக்டர் புதிதாக ஓர் ஆராய்ச்சியை என் தலையில் கட்டியிருக்கிறார். விபத்தில் வருகிறவர்களின் படங்களை அவசரத்தில் ஈரத்தோடு பார்த்து நாங்கள் சொல்வதும், காய்ந்த பிறகு அவர் பார்த்துச் சொல்வதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒப்பிட வேண்டும். பெரிய வேலை.

மச்சானின் கால் எப்படி? நோவு இன்னும் இருந்தால் நடப்பதற்கு அவசரம் வேண்டாம். நடக்கச் சொன்னது நான்தான், ஆனாலும் எல்லா உடம்பும் ஒன்றல்ல. கொஞ்சக் காலம் படுத்தே இருக்கட்டும். முடிந்தால் ஒருமுறை கொழும்புக்குக் கூட்டி வாருங்கள், இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம். பயப்பட ஒன்றுமில்லை. சும்மாதான்.

ஷபீகாவின் படிப்பு எப்படி? வருகிற ஜனவரியில் அவளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகப் பேசிக்கொண்டோமே, உம்மா இப்போதே அவளுக்குக் கட்டில் பார்த்து வைத்திருக்கிறார்.

துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.
நிலாம்

இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக்காட்ட வேண்டுமென்றில்லை.

~

மாத்தளை
4.4.1938

தம்பி நிலாமுக்கு,
சலாம். சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

மச்சான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கடைப்படியில் ஏறக் கால் வைத்தாராம், இடுப்புக்குள் ஏதோ சத்தம் கேட்டதாம், அப்படியே விழுந்துவிட்டார். தூக்கிப் பார்த்தால் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. இங்கேயும் படம் எடுத்தார்கள். தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்து விலகிவிட்டதாம். காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எழும்பினாலும் பழையபடி நடக்கமாட்டார் என்கிறார்கள்.

"இதுக்கு முந்தியே முறிஞ்சிருந்ததோ?" என்று டொக்டர் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "வல்லாஹி இல்ல, என்ட தம்பி கொழும்புல படம் புடிச்சிப் பார்த்தவன்" என்று சத்தியம் பண்ணினேன். அப்படியென்றால் முறிந்தது அந்தக் கடைப்படியில்தானே? அவரைக் கடைக்கு அனுப்பியது யார்? நான். அன்று காலையும் ஏலாது என்றுதான் சொன்னார். "படுத்துப் படுத்து மாப்பிளைக்கு மடி புடிச்சிட்டு, எழும்புங்கொ" என்று உடுக்கச் சாரத்தை எடுத்துக் கையில் கொடுத்துத் துரத்தினேன், தம்பி.

"உன்ட வாயாலதான் என்ட மகன்ட கால் போன" என்றார் மாமி. அது உண்மைதானே. 

நீ படுத்திருக்கச் சொல்லி எழுதிய கடிதம் அவர் விழுந்த மறுநாள் வந்தது. நீ தூரத்தில் இருந்தே யோசித்திருக்கிறாய். பக்கத்தில் இருந்த எனக்குப் புத்தி வரவில்லை. அதை ஒருவருக்கும் வாசித்துக்காட்டவில்லை.

துஆ கேள்.
ரபீக்கா

~

வெள்ளவத்தை
8.4.1938

அன்பு ராத்தாவுக்கு,
சலாம். கடிதம் கிடைத்தது. உம்மா அழுதுகொண்டே இருக்கிறார். நாளைக்கே மாத்தளைக்குப் புறப்படுகிறார். எனக்கு லீவு கிடைக்காது.

நீங்கள் உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். எலும்பு என்பது சொல்லிவிட்டு முறிவதில்லை. யார் என்ன செய்தாலும் சில வேளை இப்படி நடக்கிறது. அல்லாஹ்வின் நாட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாமி சொல்வதை மனதில் வைக்க வேண்டாம், மகனைப் பெற்றவர் வேதனையில் சொல்வார்.

உம்மாவிடம் நல்ல மெல்லிய போர்வை ஒன்று கொடுத்து விடுகிறேன், மச்சானுக்கு.

வஸ்ஸலாம்.
நிலாம்

~

வெள்ளவத்தை
10.4.1938

டேய் ராசிக்,
சலாம். காலி ஆஸ்பத்திரி டொக்டர்மார் சாப்பாடு உனக்குத் தொந்தி போட்டுவிட்டதாகப் பெரியவாப்பா சொன்னார். நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அலவி மச்சானின் கால் விஷயம் பெரியவாப்பா வீட்டில் கேள்விப்பட்டிருப்பாய். கேள்விப்படாததை நான் சொல்கிறேன். அந்த எலும்பு மாத்தளையில் முறியவில்லை. புறக்கோட்டையில் ட்ராம் வண்டியால் விழுந்தபோதே முறிந்துவிட்டது. முறிந்த துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகி நின்றதால்தான் எழும்பி நின்றார். அந்த மாதிரி முறிவுகளை நீயும் கண்டிருப்பாய். அசையாமல் படுக்க வைத்திருந்தால் பெரும்பாலும் அப்படியே பொருந்தியிருக்கும்.

அன்று மருந்துத் தொட்டியால் எடுத்த கையோடு படத்தைப் பார்த்தேன். காயும்வரை யார் காத்திருப்பது? வெளியே ஆட்கள் இரத்தம் ஒழுக ஒழுக நிற்கிறார்கள். எலும்பின் கழுத்தில் மெல்லிய ஒரு கோடு தெரிந்தது. என் கண்ணால் கண்டேன், ராசிக். தண்ணீர் வழிகிற கோடென்று நினைத்துவிட்டேன். பக்கப்படம் ஒன்று எடுத்திருந்தால் சந்தேகம் தீர்ந்திருக்கும். ஆனால் அதற்குச் சாரத்தை இடுப்புக்கு மேல் ஒதுக்கி, மற்றக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். அவரோ ராத்தாவுடைய மாப்பிள்ளை, முன்னால் இருந்து நான் சத்தமாகச் சிரித்துக்கூட அறியாத மனுசன். சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். சம்மதிக்கவில்லை.

மறுநாள் பெரிய டொக்டர் காய்ந்த படத்தில் அந்தக் கோட்டின் மேலேயே பென்சிலால் வட்டம் போட்டார். "இந்த ஆள் எங்கே?" என்றார். மச்சான் ஏறிய மாத்தளைக் கோச்சி அதற்குள் ராகமை தாண்டியிருக்கும். வெள்ளவத்தைத் தபாற்கந்தோருக்குப் போனேன், "நடக்க வேண்டாம்" என்று தந்தி அடிக்கலாமென்று. தந்தி கடைக்குத்தான் போகும். கடையில் ஆறு பேர் வாசிப்பார்கள். டொக்டர் தம்பியின் படிப்பு இவ்வளவுதானா என்று ராத்தாவிடம் கேட்பார்கள். அதை நினைத்ததும் கால் பின்வாங்கிவிட்டது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் எழுதியதும் பூசி மெழுகிய கடிதம்தான்.

இப்போது ராத்தா தன் வாயால்தான் அவர் கால் போனதென்று அழுகிறார். நான் அல்லாஹ்வின் நாட்டம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

என்ன செய்யட்டும்?
நிலாம்

~

காலி
15.4.1938

நிலாம்,
சலாம். தொந்தி உண்மைதான். இரண்டு தரம் வாசித்தேன்.

பிழை எல்லோரும் விடுகிறோம். போன மாதம் நானும் ஒரு விலா எலும்பைக் கோட்டைவிட்டேன். அதற்காக உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன். தபாற்கந்தோர் வாசலில் இருந்து திரும்பினாயே, அதற்குத்தான் உன் கன்னத்தில் ஒன்று போட வேண்டும்.

என்னிடம் கேட்க என்னடா இருக்கிறது? ராத்தாவிடம் சொல். இன்றைக்கே சொல். கடிதத்தில் வெட்கமென்றால் கோச்சியேறிப் போய்ச் சொல். ஆராய்ச்சி பண்ணுகிறாயாம், பண்ணு. அது ஆஸ்பத்திரிக்கு நல்லது, ராத்தாவுக்கு ஒன்றும் ஆகாது.

சொன்ன பிறகு எனக்கு எழுது. அதற்கு முன்னால் எழுதாதே.
ராசிக்

~

மாத்தளை
20.7.1938

தம்பி நிலாமுக்கு ராத்தாவின் சலாம். இங்கு எல்லோரும் இருக்கிறோம். நீயும் உம்மாவும் சுகமாயிருக்க வேண்டும் என்பதே என் துஆ.

மச்சானை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கைத்தடியோடு எழும்பி நிற்கிறார். மற்றக் காலைவிட அந்தக் கால் கட்டைதான், நடந்தால் ஒரு பக்கம் சரிகிறார். கடையை மதினியின் மாப்பிள்ளைதான் பார்க்கிறார். வீட்டுச் சாவியும் இப்போது பலீலாவின் இடுப்பில். நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு முகமில்லை. சமைக்கிறேன், மச்சானுக்கு எண்ணெய் தேய்க்கிறேன், திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிறேன். "எதுக்கு இந்த நோன்பு, மெலிஞ்சி போறாய்" என்று மச்சான் சத்தம் போடுகிறார். அவர் காலுக்குத்தான் என்று எப்படிச் சொல்வது?

ஷபீகா கொழும்புக்கு வரமாட்டாள். கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லு உம்மாவிடம். "உங்கட பக்கத்துப் படிப்பு எங்கட வீட்டுக்குச் செஞ்சது போதும்" என்று மாமி சொல்லிவிட்டார். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். முந்திய ரபீக்காவாக இருந்தால் விட்டிருப்பேனா? இப்போது என்னால் ஏலவில்லை.

தம்பி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ டொக்டர், உண்மையைச் சொல்லு. நான் அவரை நடக்க வைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கால் தப்பியிருக்குமா? வெதமாத்தயா வந்து பார்த்திருந்தால், அவர் படுக்க வைத்திருப்பார் அல்லவா? ஓம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும். என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ராத்தா

~

வெள்ளவத்தை
25.8.1938

அன்பு ராத்தாவுக்கு,
சலாம். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத நினைத்தேன். வேலை விடவில்லை. உம்மாவின் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினோம். பிடுங்கிய பல்லைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, இது என் பல்லே இல்லை என்று சண்டை போட்டார், பாமன்கடை வரை கேட்டிருக்கும்.

நோன்பு பிடிப்பது நல்ல விஷயம்தான். ஆனாலும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மச்சானின் கால் விஷயமாக ஒரு சிறு விபரம் தேவை. நல்ல காலை விட அந்தக் கால் எவ்வளவு கட்டை? இடுப்பெலும்பின் முனையிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு நூலைப் பிடித்துப் பார்த்து எழுதுங்கள். கைத்தடி இல்லாமல் நிற்க முடிகிறதா? சம்மணமிட்டு இருக்க ஏலுமா? தொழுகையில் எப்படி இருக்கிறார்? இவையெல்லாம் தெரிந்தால் செருப்பைத் தடிப்பாக்கலாமா என்று இங்கே கேட்டுப் பார்க்கலாம்.

மற்றவை பிறகு எழுதுகிறேன்.
தம்பி நிலாம்

~

வெள்ளவத்தை
3.10.1938

ராசிக்,
சலாம். சொன்ன பிறகுதான் எழுத வேண்டும் என்றாய். நான் சொல்லிவிட்டேன். ஆனால் ராத்தாவிடம் அல்ல.

போன சனிக்கிழமை டொக்டர்மார் சங்கக் கூட்டத்தில் என் ஆராய்ச்சியை வாசித்தேன். தீவு முழுவதிலுமிருந்து வந்திருந்தார்கள். உனக்கு டூட்டி இல்லாவிட்டால் நீயும் இருந்திருப்பாய். ஈரத்தில் பார்த்த படங்களில் பத்துக்கு ஒன்று பிழையாகிறது. இடுப்பிலும் மணிக்கட்டிலும் அதைவிட மோசம். அவசரத்தில் ஒரே படத்தோடு யாரையும் அனுப்பக்கூடாது, மறுநாள் காய்ந்த படத்தில் வேறு ஏதும் தெரிந்தால் ஆளைத் தேடிப்பிடித்தாவது சொல்ல வேண்டும் என்று முடித்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் இனி அதுதான் சட்டம்.

நடுவில் மச்சானின் கதையையும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. மாத்தளைப் புடவை வியாபாரி, எனக்கு உறவு, பார்த்தது நான், பிழை விட்டதும் நான் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள், ராசிக். பெரிய டொக்டர் எழும்பி வந்து கை கொடுத்தார். ஒருவர் மட்டும், "பக்கப்படம் ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டார். நோயாளி சம்மதிக்கவில்லை என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நம் ஊர் ஆட்களின் வெட்கம் அவர்களுக்குத் தெரியாததா?

வீட்டுக்கு வந்தால் மேசையில் ராத்தாவின் கடிதம். கால் அளந்த நூலை அப்படியே வெட்டி உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார். "அளக்கும்போது மச்சான் கூசிச் சிரித்தார், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததைக் கண்டேன்" என்று எழுதியிருக்கிறார்.  ஆங்கிலத்தில் அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல முடிந்தது, தமிழில் ராத்தா ஒருவருக்கு எழுத வரவில்லை. நான் என்ன பிறவியடா?

நிலாம்

~

மாத்தளை
30.10.1938

நிலாமுக்கு,
சலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன்.

மச்சானுக்குக் காய்ச்சல் என்று டொக்டர் பெரியதம்பி வீட்டுக்கு வந்தார். காலைப் பார்த்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். மச்சான் ட்ராம் கதையைச் சொன்னார். மனுசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அட, அது நீங்களோ! கொழும்புக் கூட்டத்தில ஒரு டொக்டர் சொன்னவர். தன்ர பிழையாலதான் அந்தாளின்ர கால் போனதெண்டு சபையில எழும்பி நிண்டு சொன்னவர். உங்கட மச்சானோ அவர்? பெரிய மனசுக்காரன், நாங்கள் எல்லாரும் கைதட்டினனாங்கள்" என்று மச்சானின் தோளில் தட்டினார்.

நான் சீலைத் திரைக்குப் பின்னால் நின்றேன். டொக்டருக்குக் கொடுக்க ஊற்றிய தேத்தண்ணி என் கையில்.

டேய், நான் உன்னிடம் ஓம் இல்லை என்று ஒரே ஒரு சொல்தானே கேட்டேன்? நீ உம்மாவின் பல்லைப் பற்றி எழுதினாய். காலை அளந்து அனுப்பச் சொன்னாய். தம்பிக்கு எவ்வளவு கவலை என்று நினைத்து நூலைப் பிடித்துக்கொண்டு அழுதேனே, அது அந்தக் கூட்டத்தில் வாசிக்கவா? இந்த மாதங்களெல்லாம் நான் இந்த வீட்டில் எப்படி இருந்தேன் தெரியுமா? மாமி இருக்கும் இடத்தில் நான் இருந்ததில்லை. என் மகளின் படிப்புக்கு வாய் திறந்ததில்லை. படுக்கையில் அவர் திரும்பிப் படுக்கும்போது வருகிற முனகலைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன்.

பிழை விட்டதற்கு நான் உன்னோடு கோபமில்லை. நீ மனுசன்தானே. என்னை விட்டுவிட்டாயே, அதற்குத்தான்.

 மாமிக்கும் பலீலாவுக்கும் நீ கூட்டத்தில் பேசிய இங்கிலீசு விளங்காது, டொக்டரின் யாழ்ப்பாணப் பேச்சும் சரியாக விளங்கவில்லை. அவர்களுக்குச் சொல்லப்போவது நானில்லை. நீ எழுது. தமிழில் எழுது. நான் வாசிக்கிறேன்.

ரபீக்கா

~

வெள்ளவத்தை
2.11.1938

ராத்தா,
அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை ரமழான் நோன்பு திறந்த பிறகு மாமி, மதினி, மச்சான், ஷபீகா எல்லோரையும் இருத்திச் சத்தமாக வாசியுங்கள்.

மச்சானின் எலும்பு மாத்தளையில் முறியவில்லை. கொழும்பிலேயே முறிந்திருந்தது. நான் எடுத்த படத்திலேயே அது இருந்தது. ஈரத்தோடு பார்த்ததில் முறிவுக் கோட்டைத் தண்ணீர்க் கோடென்று நினைத்து, நடக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மறுநாளே எனக்கு உண்மை தெரியும். தந்தி அடிக்காமல் இருந்தேன். என்னைப் பற்றி உங்கள் வீட்டில் பெருமையாகப் பேசுவது நின்றுவிடுமே என்ற பயம்தான், வேறு ஒன்றுமில்லை. பக்கப்படம் ஒன்றும் எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதற்குச் சாரத்தை ஒதுக்க வேண்டியிருந்தது, மச்சான் சம்மதிக்கவில்லை. ஆனாலும் பிழை என்னுடையதே.

ராத்தா செய்ததெல்லாம் டொக்டர் சொன்னதைக் கேட்டதுதான். நடக்கச் சொன்னவன் நான். வெதமாத்தயாவை வரவிடாமல் செய்ததும் என் பேச்சுத்தான். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: ஓம், படுத்திருந்தால் அந்தக் கால் பெரும்பாலும் தப்பியிருக்கும். அந்தக் குற்றத்தில் உங்களுக்கு ஓர் அணுவளவும் பங்கில்லை. மாமி, என் ராத்தாவைத் திட்டியதையெல்லாம் என் தலையில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் படிப்பை மட்டும் என்னால் கெடுத்துவிடாதீர்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.
நிலாம்

~

மாத்தளை
15.11.1938

அன்பு மச்சினன் நிலாம் தம்பிக்கு அலவி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். காய்ச்சல் விட்டுவிட்டது, நோன்பும் பிடிக்கிறேன். உம்மாவுக்கு என் சலாத்தைச் சொல்லுங்கள். எனக்குக் கடைச்சிட்டை எழுதித்தான் பழக்கம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ரபீக்கா எல்லோரையும் இருத்தினாள். கஞ்சிக்கோப்பையைக்கூட எடுக்க விடவில்லை. ஆரம்பத்தில் இருந்து கடைசி வரைக்கும் குரல் தடுமாறாமல் வாசித்தாள். வாசித்து முடித்த பிறகுதான் அழுதாள். என் உம்மா அவளைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "என்ட புள்ளய என்னெல்லாம் பேசிட்டேனே" என்று அழுதார். பலீலா இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஷபீகாவை ஜனவரியில் கொண்டுவந்து விடுகிறேன். கட்டிலை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாமென்று உங்கள் உம்மாவிடம் சொல்லுங்கள்.

வீடு பழைய வீடாகிவிட்டது, தம்பி. ரபீக்காவின் சத்தம் திரும்ப வந்துவிட்டது. காலையில் மீன்காரனோடு அவள் சிங்களத்தில் போட்ட சண்டையைக் கேட்டு நான் படுக்கையில் இருந்து சிரித்தேன். என் கால் போனதற்கு உங்களோடு எனக்குக் கோபமில்லை. ஓடுகிற வண்டியால் குதித்தவன் நான்தானே.

ஆனால் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் நானே எழுதுகிறேன், ரபீக்காவுக்குத் தெரியாமல்.

இப்போது அவள் என்னைக் கேட்கிறாள். சோறு போடும்போது கேட்கிறாள், எண்ணெய் தேய்க்கும்போது கேட்கிறாள். "ஏன் அண்டைக்கு அந்தச் சாரத்தைப் புடிச்சிட்டு ஈந்தீங்க? என்ட தம்பிக்கு முன்னால என்ன வெட்கம்? கொஞ்சம் விட்டுக் குடுத்தீந்தா இந்தக் கால் தப்பியிருக்குமே." உம்மாவும், "அவன் சின்னதுல ஈந்தே அப்படித்தான், புடிச்ச புடி" என்கிறார். நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுகிறேன்.

தம்பி, நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லையே.

அந்த மேசையில் சாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். நோவுக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்கவில்லை. படம் எடுத்த மனுசன், "பக்கத்தாலயும் ஒண்டு எடுக்கவா, டொக்டர்?" என்று உங்களைக் கேட்டார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "வேணாம், போதும்" என்றீர்கள். வெட்கப்பட்டது நீங்கள். எனக்கும் அப்போது அது நிம்மதியாகத்தான் இருந்தது, நோன்பு வாயால் பொய் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன். டொக்டர் கேட்டால் யார் மறுப்பார்கள்?

பெருநாளைக்கு உம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரபீக்கா இப்போதே வட்டிலாப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டி சொல்லிவிட்டாள். உங்கள் மேல் அவளுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது, தம்பி உண்மையை முழுக்கச் சொல்லிவிட்டான் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். அதை உடைக்க எனக்கு மனமில்லை. வந்து நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.

நீங்கள் வரும்வரைக்கும் சாரத்தை விடாத மனுசனாக நானே இருந்துவிடுகிறேன்.

வஸ்ஸலாம்.
அலவி